‘லுக் இன்டு’ பண்ணப்பட்ட மண்மேடு

விக்னேஸ்வரிக்கு இந்த உலகத்தில் பிடிக்காதவை நிறைய. தேயிலைச் செடியின்மேல் சாய்ந்து கிளையை முறித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாக்காரர்கள், கியா பார்ம் கடைகளில் நல்ல ஸ்ட்ராபெரியை மேலே அடுக்கி அழுகலை அடியில் வைத்து விற்கிறவர்கள், திருவிழாவுக்கு மட்டும் வந்து கோவிலுக்குப் பெயின்ட் சரியில்லை என்று குறை சொல்லும் கோலாலம்பூர் சொந்தக்காரர்கள். ஆனால் அவள் முழு மனதோடு வெறுத்தது இரண்டு இங்கிலீஷ் சொற்களை. தனித்தனியாக அவை ஒரு தப்பும் செய்யவில்லை. சேர்ந்து வந்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். ‘லுக் இன்டு.’

அவள் கொழுந்து வெட்டும் தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சொல்லை வளர்த்து ஆளாக்கியவர் ஆபீஸ் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, திருச்செல்வம். சட்டையில் மடிப்புக் கலையாது, பையில் இரண்டு பேனா, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அந்தக் கொத்தில் தோட்டத்துப் பூட்டுகள் அத்தனைக்கும் சாவி இருந்தது. நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தன் பதவியின் சத்தம் என்று அவர் நம்பினார், ஆகவே கொஞ்சம் குலுக்கியே நடப்பார்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று போய்ச் சொன்னால், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “லுக் இன்டு பண்றேன்மா” என்பார். கூரைத் தகரம் பறந்துவிட்டது என்றால், “ஆல்ரெடி லுக் இன்டு பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்லா” என்பார். தெருவிளக்கு எரியவில்லை என்றால், “அத மேனேஜ்மென்ட் லுக் இன்டு பண்ணும்” என்பார். கேட்கிறவர்களுக்கு முதலில் பெருமையாகத்தான் இருக்கும். இங்கிலீஷில் பதில் வந்திருக்கிறதே. ‘பார்க்கிறேன்’ என்று அவர் தமிழில் சொல்லியிருந்தால், எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டிருப்பார்கள். இங்கிலீஷில் சொன்னதால் கும்பிடு போட்டுவிட்டு வந்தார்கள். விக்னேஸ்வரியின் லயத்துக்காரர்கள் அப்படித்தான், பாவம் என்று சொல்லவும் அவளுக்கு மனம் வராது.

அவள் மகள் நளினி தானா ராத்தா டவுன் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தாள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்கு இந்த ‘லுக்’ குடும்பம் முழுவதும் வந்திருந்தது. விக்னேஸ்வரி கருவாடு சுத்தம் செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“லுக்னா பாக்குறதும்மா. பின்னால ஒட்டுறத வெச்சு அர்த்தம் மாறிப்போயிரும். லுக் ஆஃப்டர்னா பாத்துக்கிறது, ஒரு ஆள, புள்ளைய, வீட்ட. லுக் ஃபார்னா தேடுறது. லுக் அப் டுன்னா ஒருத்தர மதிக்கிறது. லுக் டவுன் ஆன்னா மட்டமா நெனைக்கிறது.”

“கடைசியா சொன்னது எனக்குத் தெரியும். லுக் இன்டுன்னா என்னா?”

“அதுக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு, உள்ள எட்டிப் பாக்குறது. கெணத்துக்குள்ள, ஜன்னல் வழியா, அந்த மாதிரி. இன்னொண்ணு, ஒரு பிரச்சனைய விசாரிக்கிறது. என்னா ஏதுன்னு அலசிக் கண்டுபிடிக்கிறது.”

“கண்டுபிடிச்சு?”

“அவ்ளோதாம்மா. கண்டுபிடிக்கிறது வரைக்குந்தான்.”

“சரி பண்றது?”

“அதுக்கு வேற வெர்ப்பு.”

“அந்த வெர்ப்பு நம்ம ஆபீஸ்ல ஸ்டாக் இல்லபோல” என்றாள் விக்னேஸ்வரி.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரே தேயிலைத் தூளைத் தொழிற்சாலையில் நாலு நிறப் பொட்டலத்தில் அடைத்து, நாலு பெயர் வைத்து, சுற்றுலாக்காரர் தலையில் கட்டுகிறார்களே, அந்த வேலைதான் இதுவும் என்று அவள் முடிவு கட்டினாள். ‘லுக்’ என்பது தூள். பின்னால் ஒட்டியிருப்பது பொட்டலம். மதிக்கிற பொட்டலம் துரைக்கு, மட்டமாக நினைக்கிற பொட்டலம் லயத்துக்கு, ஒன்றுமே இல்லாத காலிப் பொட்டலம் புகார் சொல்ல வருகிறவர்களுக்கு.

புத்தகத்தில் எழுதாத ஒரு விதியும் இந்தச் சொல்லுக்கு உண்டு. அதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்தில், கங்காணி அவளை மேல்மலைச் சரிவுக்குப் போகச் சொன்னார். அட்டைக் கடி தாங்க முடியாத இடம் அது. விக்னேஸ்வரி கொழுந்து வெட்டும் கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிராணியின் குரலிலேயே, “லுக் இன்டு பண்றேன் கங்காணி” என்றாள். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்கு மேல்மலைதான். அப்போதுதான் புரிந்தது, இந்தச் சொல் தண்ணீர் மாதிரி மேலிருந்து கீழே மட்டும்தான் ஓடும். மேலாபீஸ் துரையிடம் சொல்லும், துரை கிராணியிடம் சொல்வார், கிராணி லயத்திடம் சொல்வார். கொழுந்து வெட்டுகிறவள் அதை யாரிடமும் திருப்பிச் சொல்ல முடியாது. அவளுக்குக் கீழே இருப்பது அட்டை மட்டும்தான், அதற்கு இங்கிலீஷ் தெரியாது.

இதெல்லாம் வாய்க்கொழுப்போடு போயிருக்கும். மண்மேடு அதை அப்படி விடவில்லை.

விக்னேஸ்வரி குடியிருந்த மேட்டு லயத்து வீடுகளுக்குப் பின்னால், குசினி என்கிற சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு மண்மேடு நின்றது. அதற்கு மேலே, சுற்றுலாக்காரர்கள் கார் நிறுத்தவும் தேயிலை மலையைப் பார்த்தபடி கேக் தின்னவும் கம்பெனி ஒரு இடத்தைச் சமப்படுத்தியது. புல்டோசர் வந்து மலையின் உச்சந்தலையைச் சிரைத்துவிட்டுப் போயிற்று. மழைத்தண்ணீர் ஓடிய பழைய கால்வாய் அந்த மண்ணுக்கடியில் புதைந்துபோனது. கொஞ்ச நாளில் மேட்டின் நெற்றியில் ஒரு விரிசல் தெரிந்தது. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது.

விக்னேஸ்வரி ஆபீஸுக்குப் போனாள்.

“பின்னால மேடு வெடிச்சிருக்கு கிராணி. மழ புடிச்சா வீட்டு மேலதான் வரும். வந்து பாருங்க.”

“லுக் இன்டு பண்றேன்மா.”

“எப்ப?”

கிராணி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். அந்த ஆபீஸில் யாரும் அவரிடம் ‘எப்ப’ என்று கேட்டதில்லை. “பேச்சக் கொறைம்மா” என்றார்.

ஆனாலும் வந்தார், அதை மறைக்கக் கூடாது. ஒரு மத்தியானம், தூறல் நேரத்தில், லயத்துக்குக் கீழே ரோட்டில் அவர் கார் வந்து நின்றது. கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது. அந்த இடைவெளி வழியாகக் கைபேசி வெளியே நீண்டது, ஒரு படம் எடுத்தது, உள்ளே போயிற்று. கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது. நளினி சொன்ன இரண்டு அர்த்தத்தில் முதலாவதைக் கிராணி குறைவில்லாமல் செய்து முடித்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் மானேஜருக்கு, அவர் பேர் என்னவாக இருந்தாலும் லயத்துக்குத் துரைதான், அந்தப் படத்தை அனுப்பி, விஷயம் லுக் இன்டு செய்யப்பட்டது என்று எழுதினார். துரை கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினார். மேட்டின் விரிசல் இருந்தபடியே இருந்தது.

சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை லயத்து ஆட்கள் எல்லை தாண்டி வெளியே ராத்தங்கக் கூடாது என்பது அந்தத் தோட்டத்துக் கட்டு. வேலைக்கு, பள்ளிக்கு, கடைக்குப் போகலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்று எல்லாருக்கும் பயம். கோவில் தலைவர் யார்? திருச்செல்வம் கிராணிதான். வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

காப்புக் கட்டிய மறுநாள் மழை பிடித்தது. மத்தியானம் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை விடாது. மூன்றாம் நாள் மழையில் விக்னேஸ்வரி வீட்டுக் குசினிக் கதவு சாத்த மறுத்தது. நிலைக்கால் கோணிக்கொண்டு விட்டது. மேட்டின் அடிவாரத்தில் எப்போதும் தெளிவாகக் கசியும் ஊற்று, பால் ஊற்றாத டீ நிறத்தில் வந்தது. மேடு உள்ளே கரைகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் லேசில் பயப்படுகிறவள் இல்லை. அன்று பயந்தாள்.

பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். தானா ராத்தாவில் தம்பி வீடு, பிரிஞ்சாங்கில் மகள் வீடு என்று ஒவ்வொருவருக்கும் போக இடம் இருந்தது. ஆனால் காப்பு இருக்கிறதே.

“ஆத்தா பாத்துக்குவாடி” என்றாள் ஒருத்தி.

“ஆத்தாவும் லுக் இன்டு பண்ணுவாளா?” என்றாள் விக்னேஸ்வரி. அந்தப் பேச்சுக்காக அவளை அரை மணி நேரம் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அவள் பூசாரி ராஜுவிடம் போனாள். ராஜு நல்ல மனுஷன், ஆனால் கிராணி தும்மினால் இவருக்கு மூக்கு அடைக்கும்.

“எல்லைக்குள்ள எங்க தங்குனாலும் குத்தமில்லதானே பூசாரி?”

“எல்லைக்குள்ளன்னா குத்தமில்ல.”

“ஸ்டாஃப் கிளப்பு எல்லைக்குள்ளதானே இருக்கு?”

ராஜுவுக்கு முகம் வெளுத்தது. ஸ்டாஃப் கிளப் வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் கிராணிமார்களுக்கென்று கட்டியது. சமதரையில், மலையை விட்டுத் தள்ளி, கெட்டியான கட்டடம். உள்ளே பச்சைத் துணி போட்ட பெரிய விளையாட்டு மேசை, கேரம் பலகை, நாற்காலிகள். இப்போது கிராணிமார்களே நாலைந்து பேர்தான், விளையாட ஆளில்லை. வருஷம் ஒருதரம் விருந்துக்குத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பெரிய பூட்டுத் தொங்கும். லயத்துக்காரர்கள் அதற்குள் காலடி வைத்ததே கிடையாது, கூட்டிப் பெருக்குகிறவர்களைத் தவிர.

“எல்லைக்கல்லு பாலத்துக்கிட்ட நிக்கிது” என்றார் ராஜு, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு. “அப்ப கிளப்பு உள்ளதான் வருது. நான் சொன்னேன்னு சொல்லாத.”

மழையிலேயே அவள் ஆபீஸுக்குப் போனாள். கிராணி குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“கிளப்புச் சாவி வேணும். மேட்டு லயத்து ஆளுங்க மழ விடுற வரைக்கும் அங்க படுத்துக்கட்டும்.”

“எதூ?” என்றார் கிராணி. அவர் நிஜமாகவே சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தார். “கிளப்புலயா? லயத்து ஆளுங்களா? ஏம்மா, அது என்னா பஸ் ஸ்டேஷனா?”

“மேடு எறங்கப் போவுது கிராணி. தண்ணி கலங்கி வருது. பச்சப் புள்ளைங்க இருக்கு.”

“அதான் நான் ஏற்கெனவே லுக் இன்டு பண்ணியாச்சே. ரிப்போர்ட்டும் போயாச்சு. கிளப்புச் சாவின்னா கமிட்டி கூடணும். திருவிழா முடியட்டும், லுக் இன்டு பண்ணுவோம்.”

சாவிக்கொத்து அவர் இடுப்பில் கிலுகிலுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது விக்னேஸ்வரிக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை, அருவருப்பு. இந்த மனுஷனிடம் வந்து நின்றதே கேவலம் என்று நினைத்தாள். கேட்டிருக்கக் கூடாது, கேட்டதனால்தான் இவர் கிராணியாக இருக்கிறார் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போய் புல் வெட்டும் பாராங் கத்தியை எடுத்தாள். கணவன் கந்தன் அப்போதுதான் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் லோரி ஓட்டிவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“எங்க போற?”

“கிளப்புப் பூட்ட ஒடைக்க.”

“பைத்தியமா ஒனக்கு? ஒன்ன வேலய விட்டுத் தூக்கிட்டா வீடும் போயிரும்லா. ஒன் பேர்லதானே வீடு இருக்கு. எங்க போயி நிக்கிறது?”

அது உண்மை. தோட்டத்தில் வேலை இருக்கிறவரைதான் லயத்து வீடு. வேலை போனால் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவளுக்கு அது தெரியாததல்ல, வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

“மேடு எறங்குனா வீடு எங்க இருக்கும்? இருந்தாதானே புடுங்குவாங்க? நீ சட்டி பானையக் கட்டு. வாய மூடிக்கிட்டுக் கட்டு.”

பூட்டு பெரியது, ஆனால் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. பாராங்கின் பின்பக்கத்தால் அவள் போட்ட மூன்றாவது அடியில் கழன்று விழுந்தது. உள்ளே ஈரப் பூஞ்சை வாடை அடித்தது. பிறகு வீடு வீடாகப் போனாள். கெஞ்சவில்லை. “கிளப்பு தொறந்திருக்கு. எல்லைக்குள்ளதான். காப்புக்குப் பங்கமில்ல. வர்றவங்க வாங்க, மேட்டுக்கடியில சாகுறவங்க சாவுங்க” என்று ஒரே வரியை ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் மேட்டு லயம் காலியாயிற்று. பாயும் தலையணையும் சுமந்துகொண்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, திருடப் போகிறவர்கள் மாதிரிப் பம்மிப் பம்மிக் கிளப்புக்குள் நுழைந்தார்கள். நாற்காலியில் உட்காரப் பயந்து தரையில் உட்கார்ந்தார்கள். விக்னேஸ்வரி பச்சைத் துணி மேசையின்மேல் இரண்டு கைக்குழந்தைகளைப் படுக்க வைத்தாள். அந்த மேசைக்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது.

மறுநாள் மழை பெய்யவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. மேடு நின்ற இடத்தில் நின்றது. உடனே கிளப்புக்குள் முணுமுணுப்புக் கிளம்பியது. அவள் பேச்சைக் கேட்டு வந்தோமே, கிராணி முகத்தில் எப்படி முழிப்பது, கோழிக்குத் தீனி போட ஆளில்லை, டிவி பார்க்க முடியவில்லை. முந்தாநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள்தான் முதலில் பேச்சை எடுத்தாள். கந்தன் மனைவியோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். கிளப்பின் மூலையில் பாயைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். லயத்துக்காரர்களுக்கு மலையைவிடக் கிராணிமேல் பயம் அதிகம் என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “போறவங்க புள்ளைங்கள மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. நீங்க போயி நல்லா டிவி பாருங்க” என்றாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக யாருக்கும் துணிவு வரவில்லை, ஆகவே திட்டிக்கொண்டே தங்கினார்கள்.

அவளுக்கு விசாரணை என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். தோட்டத்துச் சொத்தை உடைத்த குற்றம். நடத்துகிறவர் துரை, குற்றம் சாட்டுகிறவர் கிராணி.

குற்றம் சாட்டினால் போதுமென்று கிராணி விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஆதாரமும் வேண்டியிருந்தது. மேடு பத்திரமாக இருக்கிறது, இந்தப் பொம்பளை வேண்டுமென்றே கலகம் செய்கிறாள் என்று துரைக்குப் படம் பிடித்துக் காட்ட வேண்டும். விசாரணை அன்று காலை பத்து மணிக்கு, ஆபீஸ் பையனை விட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேட்டு லயத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். விக்னேஸ்வரி வீட்டுக் குசினி வாசலில், மேட்டுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு குவளை டீயை வைத்துக்கொண்டார். பையன் தூரத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிராணி அந்த மேட்டுக்குப் பக்கத்தில் போயிருந்தார், அதுவும் அதைப் பார்க்காமல்.

முதலில் ஒரு கூழாங்கல் வந்து நாற்காலியடியில் உருண்டது. பிறகு மண் பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகப் பையன் பிற்பாடு சொன்னான். கிராணி திரும்பிப் பார்த்தார். குவளையைப் போட்டார், செருப்பைப் போட்டார், ஓடினார். அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சாவிக்கொத்து அன்று கிலுகிலுக்கவில்லை, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் மேடு நிதானமாக இறங்கி, குசினிகளையும் குளியலறைகளையும் தள்ளி, விக்னேஸ்வரி வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. நளினியின் கட்டில் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மண்.

உள்ளே யாரும் இல்லை. ஒரு கோழிகூடச் சாகவில்லை. கோழிகள் கிராணியைவிடக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்தன.

விக்னேஸ்வரி ஓடிவந்து வாசலில் நின்று அந்த மண்ணைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். கந்தன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தோளில் கையை வைத்தான். “கைய எடு, நாறுது” என்றாள். கோஸ் வாடை. ஆனால் அவன் கையை எடுக்கவில்லை, அவளும் மறுபடி சொல்லவில்லை.

இனிமேல் நடந்ததைக் கேட்டால்தான் அந்தச் சொல்லின் முழுத் திறமை புரியும். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மேலாபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிராணி புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றார். விஷயத்தைத் தான் பல வாரங்களாக லுக் இன்டு செய்துகொண்டிருந்ததாகவும், அதன் பலனாக ஆட்கள் சரியான நேரத்தில் கிளப்புக்கு மாற்றப்பட்டதாகவும், அன்று காலையும் தானே நேரில் போய் லுக் இன்டு செய்துகொண்டிருந்தபோதுதான் மேடு இறங்கியதாகவும் சொன்னார். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் பொய் என்று காட்டுவது கஷ்டம். பூட்டு எப்படித் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. விசாரணையைத் துரை கைவிட்டார். அவளுக்கு வேலை போகவில்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. இடிந்த லயத்துக்குப் பதிலாக அவர்களுக்குத் தொழிற்சாலைப் பக்கம் காலியாகக் கிடந்த வீடுகளைக் கொடுத்தார்கள். கிளப்புக்குப் புதுப் பூட்டு வாங்கினார்கள், பழையதைவிடப் பெரியது.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், அதே கிளப்பில் கிராணிக்குப் பாராட்டு. பொன்னாடை, மாலை, ஒலிபெருக்கி, துரை தலைமை. அன்று ஒருநாள் லயத்துக்காரர்களுக்கும் நாற்காலி. உயிர்களைக் காத்தவர் என்று பூசாரி ராஜு பேசினார், விக்னேஸ்வரி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. பிறகு மேட்டு லயத்துப் பெண்கள் சார்பாக விக்னேஸ்வரி மாலை போடுவார் என்று அறிவித்தார்கள். அது கிராணியின் யோசனை. அவள் கையால் மாலை வாங்கிவிட்டால் கதை முழுதாக அவருடையதாகிவிடும் அல்லவா?

அவள் எழுந்து போனாள். நளினி வேண்டாமென்று சேலையைப் பிடித்து இழுத்தாள், அவள் கையைத் தட்டிவிட்டாள். மேடையேறி ரோஜா மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, கிராணிக்கு முன்னால் நின்றாள். கிராணி தலையைத் தாழ்த்திக் கொடுத்தார்.

“கீழ் லயத்துக்குப் பின்னாலயும் மேடு வெடிச்சிருக்கு கிராணி” என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. “இன்னிக்கிக் காலைல போயிப் பாத்தேன். அங்கயும் தண்ணி கலங்குது. விருந்து முடிஞ்சதும் கிளப்பப் பூட்டிராதீங்க, சாவியக் குடுங்க.”

கிராணி குனிந்தபடியே சிரித்தார். “அதெல்லாம் அப்புறம் லுக் இன்டு பண்ணலாம்மா. இப்ப மாலையப் போடு.”

விக்னேஸ்வரி திரும்பிக் கீழே பார்த்தாள். “கீழ் லயத்துப் பொம்பளைங்க கேட்டுக்கிட்டீங்களா? போயிப் பாயெடுத்துக்கிட்டு வாங்க. பாராங் நான் கொண்டாறேன்.”

முதலில் யாரும் அசையவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு எல்லார்மேலும் பழைய வெறுப்பு திரும்ப வந்தது. பிறகு பின்வரிசையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நாற்காலிகள் கிறீச்சிட்டன. துரை என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் கேட்டார். சொன்னார்கள். துரை இளைஞர், லுக் இன்டு என்று எழுதி வந்த தகவலுக்குக் கட்டைவிரல் அனுப்பியவர். அவர் முகம் சிவந்தது. அவர் எழுந்து கிராணிக்கு நேராகக் கையை நீட்டினார். கிராணி கொத்தைத் தடவித் தடவி ஒரு சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். துரை அதை விக்னேஸ்வரியிடம் கொடுத்தார்.

அவள் சாவியை இடுப்பில் செருகினாள். பிறகு மாலையைக் கிராணியின் கழுத்தில் போட்டாள். கை கூசியது, இருந்தும் போட்டாள். புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார், அந்தப் படம் இன்றும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. கிராணி சிரித்துக்கொண்டிருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. அவள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கீழ் லயத்துப் பிள்ளைகள் தலையணையோடு உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள்.